எழுபத்தீராயிரம் பேரின் பின்பாட்டு

மத்திய மலைநாட்டில், வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே, புகையிரதப் பாதையில் அமைந்த சிறு நிலையம் றொசல்ல. அதைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் வாழ்வோர்க்கு ஓசையின் இயல்பைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பிரட்டுக்கு ஆளெழுப்ப அதிகாலையில் தப்பு முழங்கிய காலத்தில், அம்முழக்கம் முதலில் பக்கத்து லயத்தில் கேட்கும். எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அதே முழக்கம் ஒரு கணம் பிந்தி, சற்று மெலிந்து, மீண்டும் வரும். புகையிரதத்தின் ஊதலும் வளைவுக்கு வளைவு வேறுபட்டு ஒலிக்கும். ஓசை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லக் காலம் எடுக்கிறது என்னும் உண்மை அங்கே அன்றாட அனுபவம். அந்த அனுபவம் உடையவர்கள், ரொக் இசை என்றதும் முகஞ்சுளிப்பவர்களாயினும், 1985ஆம் ஆண்டில் இலண்டனில் பதிவான ஓர் இசை நிகழ்ச்சியைக் கூர்ந்து கேட்பதற்குப் பிறரினும் தகுதி உடையவர்கள் எனலாம்.

அந்நிகழ்ச்சி ‘லைவ் எயிட்’ என்பது. எதியோப்பியாவின் கொடிய பஞ்சத்துக்கு நிதி திரட்டுவதற்காகப் பொப் கெல்டோவ், மிட்ஜ் யூர் என்னும் பாடகர் இருவர் முன்னின்று நடத்தியது. 1985 யூலை 13ஆம் நாள், சனிக்கிழமை, இலண்டனின் வெம்பிளி விளையாட்டரங்கிலும் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலும் ஒரே நாளில் மேடைகள் அமைத்து, செய்மதி வழியாக உலகெங்கும் ஒளிபரப்பினர். திரட்டிய நிதி உரிய இடம் போய்ச் சேர்ந்ததா என்ற வாதம் பின்னர் நெடுங்காலம் நடந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பசியினால் உறவினரைப் பறிகொடுத்த தோட்டமக்களுக்காக எந்த நாட்டிலும் எவரும் மேடை கட்டவில்லை என்பதும் இங்கே நினைவுக்கு வராமற் போகாது.

வெம்பிளியில் அன்று கூடியோர் ஏறத்தாழ 72,000 பேர். மாலை 6.41 அளவில் ‘குவீன்’ என்னும் நால்வர் குழு மேடையேறியது. இலங்கையில் அப்போது இரவு 11 மணி கடந்துவிட்டது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதம். லயங்களில் விளக்கணைந்து வெகுநேரம் ஆகியிருக்கும். அக்குழு பாடியது ஏறத்தாழ 21 நிமிடங்கள். அந்த 21 நிமிடங்களின் ஒலிப்பதிவே இங்கு ஆராயப்படுவது.

குழுவின் பாடகர் பிரெடி மேர்க்குரி. பெயர் ஆங்கிலப் பெயராயினும் ஆள் ஆங்கிலேயர் அல்லர். இயற்பெயர் பாரூக் புல்சாரா. குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சிக் குடும்பத்தில், 1946ஆம் ஆண்டில், சான்சிபார்த் தீவிலே பிறந்தவர். சிறுவனாகக் கப்பலேறி மகாராட்டிரத்தின் மலைநகரான பஞ்சகனிக்கு வந்து, அங்குள்ள விடுதிப் பள்ளியிற் பயின்றார். பள்ளித் தோழர்களுடன் சேர்ந்து ‘ஹெக்டிக்ஸ்’ என்றொரு குழு அமைத்துப் பியானோ வாசித்தார். 1964இல் சான்சிபாரில் புரட்சி வெடிக்க, குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. கடல் கடந்து பிழைக்க வந்த குடும்பங்களின் கதை மலைநாட்டு நேயர்களுக்குப் புதிதன்று.

அன்றைய நாளில் இக்குழுவின் புகழ் சற்றுத் தாழ்ந்திருந்தது. நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவைக் கலைஞர்கள் புறக்கணித்திருந்த வேளையில், 1984ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கு ‘சன் சிற்றி’ என்னுமிடத்தில் இவர்கள் பாடியிருந்தனர். கண்டனம் எழுந்தது, அது நியாயமான கண்டனமே. எனவே வெம்பிளி மேடை இவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சி மாத்திரமாக இருக்கவில்லை. இலண்டனில் ஓர் அரங்கை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒத்திகை செய்தனர். முழுப் பாடல்களைப் பாடாமல் ஒவ்வொன்றிலும் வேண்டிய பகுதியை மாத்திரம் எடுத்துத் தொடுத்தனர்.

பதிவு பியானோவுடன் தொடங்குகிறது. 1975இல் வெளிவந்த ‘பொகீமியன் ரப்சொடி’ என்ற பாடலின் முற்பகுதி அது. அப்பாடலின் நடுவே நாடகப் பாங்கான பெரும் பல்குரற் பகுதி ஒன்று உண்டு. மூவரின் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிந்து, கலையகத்தில் கட்டிய கோபுரம் அது. நால்வர் மேடையில் நின்று அதைப் பாட இயலாது. ஆகவே அதைத் தொடாமலே விட்டு, அடுத்த பாடலுக்குத் தாவுகின்றனர். உயர்ந்த சுரங்களிற் குரல் சற்றே கரகரப்பதும், கலையகப் பதிவில் மேலே ஏறும் இடங்களிற் சில தாழ்ந்த வழியே செல்வதும் செவிக்குத் தெரிகின்றன. இசைத்தட்டுக்குப் பழகியவர்கள் இதைக் குறை என்பர். நாதஸ்வரக் கச்சேரியை விடிய விடிய நின்று கேட்டவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். அன்றைய மூச்சு அன்றைய மூச்சுத்தான் அன்றோ.

அடுத்துவரும் பாடல் வானொலியைப் பற்றியது. குழுவின் முரசு வாத்தியக்காரர் ரொஜர் ரெயிலர் இயற்றி, 1984இல் வெளிவந்த ‘ரேடியோ காகா’. காட்சிப் படங்கள் பெருகிவிட்ட காலத்தில், இளமையில் தமக்குத் துணையிருந்த வானொலிப் பெட்டியை நினைந்து ஏங்கும் பாடல். அதன் பல்லவியில் அடிக்கு அடி இரண்டு கைத்தட்டல்கள் வரும். வெம்பிளியில் அக்கைத்தட்டலை மக்களே ஏற்றுக்கொண்டார்கள். எவரும் கற்பிக்கவில்லை; பாடலின் படக்காட்சியைப் பார்த்தவர்கள் தாமாகவே தலைக்கு மேலே கைகளை உயர்த்தித் தட்டினர்.

இந்த இடத்தைத்தான் கூர்ந்து கேட்கவேண்டும். கலையகத்தில் பதிந்த பாடலில் அத்தட்டல் ஊசிமுனைபோல் ஒரு புள்ளியில் விழுகிறது. வெம்பிளிப் பதிவில் அதற்கு ஓர் அகலம் இருக்கிறது. காரணம் எளிது. ஓசை ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீற்றர் தூரமே செல்லும். மேடையிலிருந்து 100 மீற்றருக்கு அப்பால் நிற்பவர் காதில் தாளம் விழ நொடியில் மூன்றிலொரு பங்கு ஆகிறது. அவர் தட்டும் தட்டல் மேடையின் ஒலிவாங்கிக்குத் திரும்ப மேலும் அத்தனை நேரம். ஆகவே முன்வரிசையார் தட்டியதும், நடுவிலிருப்போர் தட்டியதும், கடைசியில் நிற்போர் தட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கரையில் உருளும் அலைபோல ஒலிக்கின்றன. எதிர்மலையிலிருந்து தப்பொலி பிந்தித் திரும்புவதைக் கேட்டு வளர்ந்த செவிக்கு இது வியப்பாக இராது. அந்த அலையின் நீளத்தைக் கொண்டு அரங்கின் நீளத்தையே மதிப்பிட்டுவிடலாம்.

அப்பாடல் முடிந்ததும் வாத்தியங்கள் நிற்கின்றன. மேர்க்குரி சொல்லில்லாத ஒரு குரலை எடுக்கிறார், ‘ஏ... ஓ’ என்ற இரண்டு ஒலிகளே. கூட்டம் அதைத் திருப்பிப் பாடுகிறது. சற்று வளைத்துப் பாடுகிறார், கூட்டமும் வளைக்கிறது. பிறகு ஒரே சுரத்தை நெடுநேரம் பிடித்து நிற்கிறார். கூட்டமும் பிடித்து நிற்கிறது. அதன்பின் பிருகா போன்ற உருட்டல்களைப் போடுகிறார். இங்கே 72,000 பேரும் தடுமாறுவது நன்றாகக் கேட்கிறது. ஆயினும் சுருதி பெரிதும் விலகவில்லை. மாணவனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் கடைசியில் வேண்டுமென்றே கடினமான ஒரு பிடியைப் போட்டுச் சிரிப்பாரே, அந்த முறைதான் இது.

அன்று குவீன் குழு மற்றெவரினும் உரத்து ஒலித்தது என்று பலர் எழுதினர். தங்கள் ஒலிப்பொறியாளர் அளவுக் கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றி வைத்ததே காரணம் என ரொஜர் ரெயிலர் பிற்காலத்தில் கூறினார். அதனால் அரங்கில் நின்றவர்க்கு ஒரு பயன் இருந்திருக்கலாம். வீட்டில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டவர்க்கு அது எட்டியிராது. அவர்களைக் கவர்ந்தது ஓசையின் உரப்பு அன்று, கூட்டத்தின் மறுமொழியே.

இம்மறுமொழி தற்செயலாகப் பிறந்ததும் அன்று. 1977இல் இங்கிலாந்தின் ஸ்டபோர்ட் நகரில் இக்குழுவின் நிகழ்ச்சி முடிந்த பின்னர், கூடியிருந்தோர் கலைந்து செல்லாமல் தாமாகவே ஒரு பாடலைப் பாடி நின்றனர். அதைக் கேட்ட கிற்றார்க் கலைஞர் பிறையன் மே, மக்களுக்கென்றே ஒரு பங்கு வைத்துப் பாடல் இயற்ற எண்ணினார். நெருக்கி நிற்கும் கூட்டத்தால் என்ன செய்ய முடியும்? காலை உதைக்கலாம், கையைத் தட்டலாம், பாடலாம். இரண்டு உதை, ஒரு தட்டு: ‘வீ வில் ரொக் யூ’ பிறந்தது. அதனைப் பதிந்த கலையகம் ஒரு பழைய தேவாலயக் கட்டடம். அங்கே மரப் பலகைகளின்மேல் ஏறி நின்று சிலர் உதைத்த ஓசையைப் பல தடவை பதிந்து, ஒவ்வொரு பதிவையும் சிறிது சிறிதாகப் பிந்தச் செய்து, பெருங்கூட்டம்போல் ஒலிக்க வைத்தார் மே. பௌதிகம் பயின்றவர், பின்னாளில், 2007இல், வானியற்பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பிந்தும் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய் எதிரொலிபோல் தோன்றாதிருக்கக் கணக்குப் பார்த்து அமைத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து வெம்பிளியில் அப்பாடலின் ஒரு பகுதியைப் பாடியபோது, பலகையில் உதைத்து உண்டாக்கிய பொய்க் கூட்டத்தின் இடத்தை மெய்க் கூட்டம் எடுத்துக்கொண்டது.

மலைநாட்டில் மாசி மாதத்துக் காமன் கூத்தைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் விளங்கும. காமன் பொட்டலில் வாத்தியார் அடியெடுத்துக் கொடுக்கிறார், தப்பு விழுகிறது, சூழ நிற்போர் அடியை வாங்கிப் பாடுகின்றனர். மன்மதன் எரிந்து, ரதி புலம்பும் கட்டத்தில், பாடுபவர் யார், கேட்பவர் யார் என்று பிரித்தறிய இயலாது. ஆனால் இக்கூத்துப் பாடல்களும் தாலாட்டும் ஒப்பாரியும் நூலில் ஏறும்போது, எஞ்சுவது அடியெடுத்தவரின் சொல் மாத்திரமே. மறுமொழி பாடியவர்களின் பங்கு அச்சில் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும் ‘மீண்டும்’ என்ற குறிப்பாகச் சுருங்கிவிடும். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ இல்லையெனில் சொற்கள்கூட நம்மிடம் எஞ்சியிரா. அவர் செய்த தொண்டு பெரிது. எனினும் எழுதுகோல் பிடிக்கக்கூடியது சொல்லைத்தான். ஒரு மலைச்சரிவு முழுதும் எழுந்த குரலின் அகலத்தை அதனாற் பிடிக்க இயலாது.

ஒலிப்பதிவு அதைப் பிடிக்கும். ஆனால் தானாகப் பிடிக்காது. பாடகர் வாயருகே வைத்த ஒலிவாங்கியில் கூட்டம் தூரத்து இரைச்சலாகவே விழும். ஆகவே பெரிய நிகழ்ச்சிகளில் மக்களை நோக்கித் தனி ஒலிவாங்கிகள் வைக்கப்படுகின்றன. அவற்றை எவ்வளவு திறப்பது என்பது கட்டுப்பாட்டு மேசையில் அமர்ந்தவரின் தீர்ப்பு. அதிகம் திறந்தால் பாட்டு மங்கும். குறைத்தால் பாடகர் வெற்றறையில் பாடுவதுபோல் இருக்கும். நேரடி நிகழ்ச்சி என்று விற்கப்பட்ட இசைத்தட்டுகள் பலவற்றில் பிழைகளைக் கலையகத்தில் திருத்திச் சேர்ப்பதும் அக்காலத்து வழக்கமே. லைவ் எயிட் ஒலிபரப்பு நிகழ்ந்தபடியே வான்வழி சென்றது; திருத்த அவகாசம் இருக்கவில்லை.

அதனால் அன்றிரவின் ஒரு விபத்தும் பதிவில் நிலைத்துவிட்டது. நிகழ்ச்சி முடியும் தறுவாயில் போல் மக்கார்ட்னி பியானோவில் அமர்ந்து ‘லெற் இற் பீ’ என்ற பாடலைத் தொடங்கினார். ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. ஏறத்தாழ இரண்டு நிமிடம் அவர் பாடிக்கொண்டேயிருந்தார். அரங்கில் ஒருவருக்கும் அவர் குரல் கேட்கவில்லை. பாட்டு நின்றதா என்றால் இல்லை. அவர் விட்ட இடத்தை மக்கள் எடுத்துப் பாடினார்கள். பின்னர் ஒலிவாங்கி உயிர்பெற்று அவர் குரல் திடீரென எழுகையில், கூட்டத்திலிருந்து ஓர் ஆரவாரம் கிளம்புகிறது. கிளம்பிய கையோடு மீண்டும் பாட்டுக்குள் அடங்குகிறது.