தனி விலை முன்மொழிவு: மென்பொருள் பேரத்தின் வரலாறு

மேகக் கணிமைச் சந்தையில் மென்பொருள் விற்பவர், குறிப்பிட்ட ஒரு வாங்குபவருக்கு மட்டும் தனியாக விலையும் நிபந்தனைகளும் வகுத்து அளிக்கும் விற்பனை முறை தனி விலை முன்மொழிவு ஆகும். தொழில் வட்டாரத்தில் இது 'பிரைவேட் ஆஃபர்' என்றே வழங்குகிறது. சந்தையின் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு விலை இருக்கும். அதன் பின்னால், உரியவரைத் தவிர மற்றவர் பார்க்க முடியாத விலைகள் பல இருக்கக்கூடும். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகிய மூன்று நிறுவனங்களின் சந்தைகளிலும் பெரிய தொகைக்கான விற்பனை இன்று பெரும்பாலும் இம்முறையில்தான் நடக்கிறது.

பெயர் புதியது; வழக்கம் பழையது. மென்பொருள் வணிகம் பேரத்தில் தொடங்கி, பட்டியல் விலைக்கு வந்து, மீண்டும் பேரத்துக்குத் திரும்பியிருக்கிறது. சென்னை நிறுவனங்கள் சிலவற்றின் வரலாற்றிலும் இந்தத் தடத்தைக் காணலாம்.

கோடம்பாக்கத்தின் முன்மாதிரி

ஒரே பொருளை ஆளுக்கொரு விலையில் விற்கும் முறையைப் புரிந்துகொள்ளச் சென்னை மாணவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோடம்பாக்கத்தில் தயாரான திரைப்படங்கள் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் விற்கப்பட்டன. தமிழ்நாடு சென்னை நகரம், செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை - இராமநாதபுரம், திருச்சி - தஞ்சாவூர், திருநெல்வேலி - கன்னியாகுமரி என விநியோக ஏரியாக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. படம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வோர் ஏரியாவுக்கும் தனி விலை, தனி ஒப்பந்தம்.

ஒப்பந்தத்திலும் வகைகள் உண்டு. மொத்தத் தொகை கொடுத்து உரிமையை வாங்கிக்கொள்வது 'அவுட்ரைட்'. குறைந்தபட்சத் தொகைக்கு உறுதி கொடுத்து, அதற்குமேல் வசூலானால் பங்கிட்டுக்கொள்வது 'மினிமம் கியாரண்டி', சுருக்கமாக 'எம்.ஜி.'. வசூலில் கமிஷன் மட்டும் எடுத்துக்கொள்வது 'டிஸ்ட்ரிபியூஷன்'. எந்த ஏரியா எந்த வகையில் என்ன விலைக்குப் போனது என்பது, விற்றவரும் வாங்கியவரும் சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியும்.

திரைப்படத்துக்கும் மென்பொருளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. முதல் பிரதியை உருவாக்கத்தான் பெருஞ்செலவு. அடுத்த பிரதிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அரிசிக்கோ துணிக்கோ அடக்க விலை என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே கடைக்காரர் இறங்க மாட்டார். இங்கே அப்படி ஓர் அடித்தளம் தெளிவாக இல்லை. வாங்குபவரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. இத்தகைய பொருள்களில் பேரம் தழைப்பதற்கு இதுவே காரணம்.

மென்பொருளுக்கு விலை வந்த ஆண்டு

1960களின் இறுதிவரை பெரும்பாலான மென்பொருளுக்குத் தனி விலையே கிடையாது. கணினியை வாடகைக்கு எடுத்தால் அதனுடன் மென்பொருளும் பராமரிப்பும் சேர்ந்தே வரும். 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித் துறை ஐ.பி.எம். நிறுவனத்தின்மீது ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று, இனிக் கணினிக்கும் மென்பொருளுக்கும் தனித்தனியே விலை குறிக்கப்படும் என்று ஐ.பி.எம். அறிவித்தது. மென்பொருள் தனி வணிகமாக வளர இந்த முடிவு பெரிதும் துணைசெய்தது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் நிறுவனங்களுக்கான பெரிய மென்பொருள்கள் நேரடிப் பேரத்தில் விற்கப்பட்டன. விற்பனையாளர் அலுவலகத்துக்கு வருவார், செய்துகாட்டுவார், கொட்டேஷன் தருவார். விலைப்பட்டியல் ஒன்று இருந்தாலும் அது பேரத்தின் தொடக்கப் புள்ளிதான். காலாண்டு முடியும் நேரத்தில் விற்பனை இலக்கை எட்ட வேண்டிய அவசரத்தில் விற்பனையாளர் தள்ளுபடியைக் கூட்டுவார் என்பது வாங்கும் அதிகாரிகளுக்குத் தெரிந்த செய்தி.

சென்னையும் பட்டியல் விலையும்

1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட், தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பாளர்களுக்கு வலையமைப்பு மேலாண்மை மென்பொருளை விற்றது. வாங்குவோர் சிலரே, ஒவ்வொருவரோடும் தனி ஒப்பந்தம். 2000க்குப் பிறகு தொலைத்தொடர்புத் துறை சரிந்தபோது அந்தச் சிலரும் குறைந்தனர். நிறுவனம் வேறு வகை வாடிக்கையாளரைத் தேடியது. மேனேஜ்இன்ஜின் என்ற பெயரில், நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளுக்கான மென்பொருளை இணையத்தில் விலை குறித்து விற்கத் தொடங்கியது. 2005இல் ஸோஹோ செயலிகள் வந்தன. 2009இல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ கார்ப்பரேஷன் என மாறியது.

இணையப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதப்பட்ட விலை, சென்னை போன்ற ஊரிலிருந்து விற்பவருக்கு ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. நியூயார்க்கிலோ லண்டனிலோ விற்பனையாளர் படை தேவையில்லை. வாங்குபவர் விலையைப் பார்த்து, சில நாள் இலவசமாகப் பயன்படுத்தி, கடன் அட்டையில் பணம் கட்டிவிடலாம்.

ஃபிரெஷ்டெஸ்க் பிறந்ததிலேயே விலைக்கு ஒரு பங்கு உண்டு. 2010இல் சென்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் தன் விலையை உயர்த்தியது. பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தனர். இணையத்தில் அது பற்றி நடந்த உரையாடலைப் படித்த கிரீஷ் மாத்ருபூதம், ஸோஹோவிலிருந்து விலகி, ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து சென்னையில் ஃபிரெஷ்டெஸ்கைத் தொடங்கினார். அதன் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு கல்வி நிறுவனம். பின்னர் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்நிறுவனம், 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

மேகச் சந்தைகளின் தோற்றம்

பிறருடைய மென்பொருளை ஒரே இடத்தில் அடுக்கிவைத்து விற்கும் இணையச் சந்தையை சேல்ஸ்ஃபோர்ஸ் 2005இல் அறிவித்து, 2006இல் 'ஆப்எக்ஸ்சேஞ்ச்' என்ற பெயரில் திறந்தது. 2010 மார்ச்சில் கூகுள் தன் அலுவலகச் செயலிகளுக்கான சந்தையைத் திறந்தது. அமேசான் 2006இலேயே சேமிப்பிடத்தையும் கணிப்புத் திறனையும் பயன்படுத்திய அளவுக்கேற்ப, பட்டியல் விலையில், யாருக்கும் வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தது. அதன் மென்பொருள் சந்தை 2012 ஏப்ரலில் வந்தது.

இச்சந்தைகளின் தொடக்கக் கொள்கை எளியது: தேடு, விலையைப் பார், பொத்தானை அழுத்து. பெரிய நிறுவனங்கள் இதற்கு எளிதில் இணங்கவில்லை. ஐயாயிரம் பேருக்கு மூன்றாண்டுக்கு வாங்குபவர் பட்டியல் விலையைத் தர மாட்டார். அவருடைய சட்டப் பிரிவு, உரிம ஒப்பந்தத்தின் வாசகங்களை மாற்றச் சொல்லும். கணக்குப் பிரிவு தவணை கேட்கும். ஆகவே பெரிய பேரங்கள் சந்தைக்கு வெளியே, பழையபடி மின்னஞ்சலிலும் தாளிலும் முடிந்தன. அவற்றை உள்ளே இழுக்கவே 2010களின் பிற்பகுதியில் தனி விலை முன்மொழிவு சேர்க்கப்பட்டது.

முன்மொழிவு உருவாகும் முறை

நிறுவனத்துக்கு நிறுவனம் சில வேறுபாடுகள் இருந்தாலும் அடிப்படை ஒன்றே. அமேசான் சந்தையில் நடைமுறை ஏறத்தாழ இப்படி அமையும்:

முதலில், மென்பொருள் சந்தையில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் தொலைபேசியிலோ நேரிலோ பேசி முடிக்கின்றனர். பேரம் சந்தைக்கு வெளியேதான் நடக்கிறது. பிறகு விற்பவர் தன் நிர்வாகப் பக்கத்தில் முன்மொழிவைத் தயாரிக்கிறார். வாங்குபவரின் 12 இலக்கக் கணக்கு எண், ஒப்பந்தக் காலம், பேசிய விலை, தவணைத் தேதிகள், உரிம ஒப்பந்தத்தின் வாசகம் ஆகியவற்றை அதில் நிரப்புகிறார். முன்மொழிவு காலாவதியாகும் நாளையும் குறிக்கிறார்.

அதன்பின் கிடைக்கும் இணைப்பை வாங்குபவருக்கு அனுப்புகிறார். குறிப்பிட்ட கணக்கிலிருந்து நுழைபவர் மட்டுமே அதைத் திறக்க முடியும். காலாவதி நாளுக்குள் ஏற்றால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும். தொகை வாங்குபவரின் மேகக் கணிமைப் பட்டியலிலேயே சேர்ந்துவிடும். ஏற்காவிட்டால் முன்மொழிவு தானே செல்லாததாகிவிடும்.

கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் உரியவர் திறக்க முடியாது. பெரிய நிறுவனத்தில் கணக்குகள் பல இருக்கும். எந்தக் கணக்கில் வாங்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. இடையில் மறுவிற்பனையாளர் இருந்தால், தயாரிப்பாளர் அவருக்கு முதலில் அனுமதி வழங்க வேண்டும். அதன்மேல் அவர் தன் இலாபத்தைச் சேர்த்து வாங்குபவருக்கு முன்மொழிவு அனுப்புவார். கோடம்பாக்கத் தயாரிப்பாளர், விநியோகஸ்தர், திரையரங்கு உரிமையாளர் என்ற வரிசையை இது நினைவூட்டுகிறது.

பரவியதற்கான காரணங்கள்

இரண்டு காரணங்கள் முக்கியமானவை. முதலாவது கமிஷன் குறைந்தது. 2021 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் தன் சந்தைக் கட்டணத்தை 20 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தது. 5 இலட்சம் டாலர் ஒப்பந்தம் ஒன்றில் முன்பு 1 இலட்சம் டாலர் சந்தைக்குப் போகும். இப்போது 15,000 டாலர். கூகுளும் அதே ஆண்டில் 3 விழுக்காட்டுக்கு வந்தது. 2024 ஜனவரியில் அமேசான் தனி முன்மொழிவுகளுக்குப் படிநிலைக் கட்டணம் கொண்டுவந்தது. 10 இலட்சம் டாலருக்குக் குறைந்த ஒப்பந்தத்துக்கு 3 விழுக்காடு, அதிலிருந்து 1 கோடி டாலர் வரை 2 விழுக்காடு, அதற்கு மேல் 1.5 விழுக்காடு.

இரண்டாவது, கடப்பாட்டுத் தொகை. பெரிய நிறுவனங்கள் 'இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு தொகைக்கு உங்கள் மேகக் கணிமையைப் பயன்படுத்துவோம்' என்று உறுதி கொடுத்து, பதிலுக்குத் தள்ளுபடி பெறுகின்றன. சந்தை வழியாக வாங்கும் தகுதியுள்ள மென்பொருளின் விலையும், அந்தந்த நிறுவனத்தின் விதிக்கு உட்பட்டு, இந்தக் கணக்கில் கழியும். எப்படியும் செலவழிக்க வேண்டிய பணம். அதிலேயே தேவையான மென்பொருளையும் வாங்கிவிடலாம். வாங்குபவருக்குப் புதிதாக நிதி ஒதுக்கீடு கேட்கும் வேலை மிச்சம்.

வெளிப்படையான விலையால் வளர்ந்த சென்னை நிறுவனங்களும் இப்போக்குக்கு விலக்கல்ல. ஃபிரெஷ்வொர்க்ஸ் காலப்போக்கில் பெரிய நிறுவனங்களை நோக்கியும் நகர்ந்து, அவற்றுக்காக நேரடி விற்பனைக் குழுக்களை அமைத்தது. அதன் மென்பொருள்கள் இன்று அமேசான் சந்தையிலும் கிடைக்கின்றன.

ஆதாயமும் இழப்பும்

இந்த முறையைச் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய கொட்டேஷன் முறையில் வாய்மொழி வாக்குறுதிகள் மிகுதி. இங்கே விலை, காலம், தவணை, நிபந்தனை எல்லாம் எழுத்தில் பதிவாகின்றன. இருபது பேர் வேலைசெய்யும் ஒரு சென்னை நிறுவனமும், வெளிநாட்டுப் பெருநிறுவனத்தின் நீண்ட விற்பனையாளர் பதிவுச் சடங்குகளைப் பெருமளவு தவிர்த்து, ஏற்கெனவே ஏற்கப்பட்ட சந்தை வழியாக உள்ளே நுழையலாம்.

இழப்பு வேறு இடத்தில் விழுகிறது. பட்டியல் விலை நிலவிய காலத்தில் ஒரு கல்லூரியும் ஒரு வங்கியும் ஒரே பக்கத்தைப் பார்த்தன. இன்று வங்கிக்குப் பேரம் பேச ஆள் உண்டு. சிறு கல்லூரிக்கு இல்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது போல், கேட்டவருக்குத் தனி விலை, கேட்காதவருக்குப் பட்டியல் விலை. பக்கத்து நிறுவனம் என்ன கொடுத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. சந்தை என்ற சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருளில், பலர் பார்க்க விலை கூறப்படும் இடம் என்பதும் அடங்கும். அந்தப் பகுதி இங்கே மறைந்துவிடுகிறது.

பொதுப் பணம் என்று வரும்போது இவ்வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதலில் வெளிப்படைத்தன்மையை உறுதிசெய்ய 1998இல் ஒப்பந்தப்புள்ளிகளுக்கான தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மத்திய அரசு 2016 ஆகஸ்டில் 'ஜெம்' என்ற அரசு மின்சந்தையைத் தொடங்கியது. விற்பவர்கள் போட்டியிட்டு விலை குறிப்பதும், விலையைப் படிப்படியாக இறக்கும் ஏலமும் அதில் உண்டு. ஒன்றில் இருவர் தனியே பேசி முடித்த விலை. மற்றதில் பலர் போட்டியிட்டு வந்த விலை. மக்கள் வரிப் பணத்தில் மென்பொருள் வாங்கும் அலுவலகம், முதல் வழியின் வசதிக்காக இரண்டாம் வழியின் பாதுகாப்பைக் கைவிட முடியாது.

வணிகவியலும் கணினியும் படிக்கும் மாணவர்களில் பலர் நாளை ஏதோ ஓர் அலுவலகத்துக்காக மென்பொருள் வாங்கும் மேசையில் அமரக்கூடும். திரையில் தெரியும் விலை இறுதி விலை அன்று என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். தனி விலை கேட்கலாம். மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கு என்ன குறைப்பு, புதுப்பிக்கும்போது விலை எவ்வளவு உயரலாம், தவணை உண்டா என்று கேட்டு, பதிலை முன்மொழிவிலேயே எழுதச் சொல்லலாம். சிறிய நிறுவனமாயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. கேட்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.