'வி-த்ரீ' என்னும் எச்சம்

திருச்சி விமான நிலையத்துக்கு அருகே, கே.கே. நகரிலும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்காத பிள்ளைகளைக் காண்பது இன்று அரிது. வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறவர்கள் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் பொதுவான பாடம் ஒன்று: வினைச்சொற்களை வி-ஒன், வி-டூ, வி-த்ரீ என்று மூன்று கட்டங்களில் எழுதி மனப்பாடம் செய்வது. கோ, வென்ட், கான். கம், கேம், கம். ரைட், ரோட், ரிட்டன். கேட்டவுடன் பிசகாமல் ஒப்பிக்கும் மாணவரே அடுத்த நிமிடம் 'ஹி ஹேஸ் வென்ட்' என்றும் 'தி லெட்டர் வாஸ் ரோட்' என்றும் எழுதுகிறார். பட்டியல் தெரிந்தும் பயன்பாடு தெரியாத இந்த நிலையைக் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது சரியான விளக்கம் அல்ல என்பது என் கருத்து. இந்தப் பாடம் நம் ஊருக்கு வந்த வரலாற்றிலும், வந்த வழியில் அது தமிழ் இலக்கணத்தோடு உறவை முறித்துக்கொண்டதிலும்தான் இதற்கான காரணம் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்தக் குழப்பம் நம்மவர்கள் உண்டாக்கியது அல்ல, ஆங்கிலத்தின் உள்ளேயே விளைந்தது. பழைய ஆங்கிலத்தில் உயிரெழுத்தை மாற்றி இறந்தகாலம் காட்டும் வினைகள் 300-க்கு மேல் இருந்தன. அவற்றில் பலவற்றுக்கு இறந்தகாலத்திலேயே ஒருமைக்கு ஓர் உயிர், பன்மைக்கு வேறோர் உயிர். 'பாடினேன்' என்பதற்கு 'சாங்' என்ற ஒலி. 'பாடினோம்' என்பதற்கு, இன்று மூன்றாம் கட்டத்தில் நிற்கும் 'சங்' என்பதற்கு நெருங்கிய ஒலி. ஒருமை பன்மை வேறுபாடு தேய்ந்தபோது எந்த உயிர் எந்த இடத்துக்கு என்பது நூற்றாண்டுக்கணக்கில் தீராத வழக்காக நீடித்தது. 18-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்களிடம் 'ஹேவ் ரோட்', 'ஹேட் டிராங்க்' போன்ற வடிவங்கள் சாதாரணம். பின்னாளில் லண்டன் பிஷப்பான ராபர்ட் லௌத் 1762-இல் வெளியிட்ட சிறிய இலக்கண நூலில் இவற்றைப் பிழை என்றார். மில்டன், டிரைடன், அடிசன், ஸ்விஃப்ட் ஆகியோரின் எழுத்திலிருந்தே இத்தகைய பிழைகளுக்குச் சான்று காட்டினார். 1795-இல் லிண்ட்லி மரே எழுதிய பள்ளி இலக்கணம் அந்தத் தீர்ப்பை ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட நாடுகளுக்கெல்லாம் கொண்டுபோனது. ஆக, நம் பிள்ளைகள் இன்று மதிப்பெண் இழக்கும் இந்த விதி உறுதியாகி இரண்டரை நூற்றாண்டுதான் ஆகிறது. மில்டனுக்கும் ஸ்விஃப்டுக்கும் இயல்பாக வந்த வடிவம் நம் மாணவருக்கும் வருவதை அறிவுக்குறையாகக் கருத இடமில்லை.

லௌத்தின் நூல் வெளியான அதே 1762-இல்தான் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் தரங்கம்பாடியிலிருந்து முதல்முறையாகத் திருச்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டு கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, அநாதைகளான படைவீரர் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி ஏற்பட்டது. 1766-இல் தெப்பக்குளம் அருகே கிறிஸ்து ஆலயம் எழுந்தது. சுவார்ட்ஸுக்குத் தாய்மொழி ஜெர்மன். தமிழைத் தரங்கம்பாடியில் கற்றுத் தேர்ந்தவர். அவருக்கு ஆங்கிலமும் முயன்று கற்ற மொழிதான் என்பது இந்த வரலாற்றில் நினைவில் வைக்கத்தக்கது. பின்னர் 1780-களில் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென ஆங்கிலப் பள்ளிகள் அமைத்தபோதும் அவர் முன்னின்றார். 1826 ஏப்ரல் 3-இல் திருச்சியில் இறந்த பிஷப் ஹீபரின் பெயரால் பள்ளியும் கல்லூரியும் வந்தன. நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி 1883-இல் இங்கே இடம்பெயர்ந்தது. 1919-இல் தேசியக் கல்லூரி சேர்ந்தது. 1835-இல் மெக்காலே குறிப்பும் 1854-இல் உட் அறிக்கையும் வந்து, 1857-இல் மதராஸ் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பிறகு, மெட்ரிகுலேஷன் தேர்வு ஒரு வாயிற்கதவானது. அந்தக் கதவைத் திறக்கும் சாவி ஆங்கிலம். கணிதத்தில் ஈடிணையற்றவரான ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார் என்பதே அந்தக் கதவு எவ்வளவு இறுக்கமானது என்பதற்குச் சான்று.

தேர்வு வந்தால் தேர்வுக்கான நூலும் வரும். வடஇந்தியாவில் கல்வித்துறையில் பணியாற்றிய நெஸ்ஃபீல்டின் இலக்கணம் 1890-களிலும், ரென் – மார்ட்டின் நூல் 1930-களிலும் வெளியாகி, தலைமுறை தலைமுறையாக இந்திய மாணவர் கையில் தங்கின. இவர்களில் ரென், 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதிப் புகழ்பெற்ற அதே பி.சி. ரென்தான். இந்த நூல்களின் வினைப் பட்டியல்கள் நம் வகுப்பறையில் ஒப்பிக்கும் பாட்டாக மாறியதில் வியப்பில்லை. ஆத்திசூடியையும் எண்சுவடியையும் நிகண்டையும் ஓசையோடு மனத்தில் ஏற்றிய திண்ணைப் பள்ளி மரபு இங்கே ஏற்கெனவே இருந்தது. அந்த மரபை நான் குறைத்துப் பேச மாட்டேன். சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இங்கே கண்ட மணலில் எழுதும் முறையை எடுத்துக்கொண்டு, மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டோடு சேர்த்து, 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்கே கொண்டுசென்றார். ஆனால் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்தது தன் மொழியை. சொல்லின் இடம் எது என்பது பிள்ளையின் காதுக்கு முன்பே தெரியும். 'கோ, வென்ட், கான்' என்னும்போது ஓசை மட்டும் ஏறுகிறது. 'கான்' எங்கே நிற்கும், ஏன் தனியே நிற்காது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

அதைச் சொல்லக்கூடிய இலக்கணம் நம்மிடம் இருக்கிறது. 'வந்தான்' வினைமுற்று, அதோடு வாக்கியம் முடிந்துவிடும். 'வந்து', 'வந்த' இரண்டும் எச்சங்கள். தனியே நின்றால் பொருள் முடியாது. 'வந்து' வேறொரு வினையை எதிர்பார்க்கிறது, 'வந்த' ஒரு பெயரை எதிர்பார்க்கிறது. தொல்காப்பியம் தொட்டு நாம் பேசிவரும் பாகுபாடு இது. ஆங்கிலத்தின் வி-டூ நம்முடைய முற்று. வி-த்ரீ நம்முடைய எச்சம். 'வந்திருக்கிறான்' என்பதை 'வந்து', 'இருக்கிறான்' என்று பிரிக்கலாம். 'ஹேஸ் கம்' என்பதிலும் இதே போல எச்சத்தோடு துணைவினை ஒன்று சேர்கிறது. வரிசைதான் முன்பின்னாக இருக்கிறது. 'வந்தானிருக்கிறான்' என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லாது. 'ஹேஸ் கேம்' என்பது அதற்கு நிகரான பிழை என்று காட்டிவிட்டால் அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. 'உடைந்த கண்ணாடி' என்னும் பெயரெச்சத் தொடருக்கு நேரானது 'புரோக்கன் கிளாஸ்'. அங்கே 'புரோக்' நிற்க முடியாது. அப்படியானால் தமிழ் மாணவர் ஏன் தடுமாறுகிறார்? வந்தான், வந்து, வந்த மூன்றிலும் இறந்தகால அடி ஒன்றே. விகுதி மட்டும் மாறுகிறது. முற்றா எச்சமா என்பதை விகுதி காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த விகுதி பெரும்பாலும் இல்லை. சொல்லின் உள்ளே உயிரெழுத்து மாறுகிறது. எனவே 'இறந்தகாலத்துக்கு ஒரு வடிவம் போதும்' என்று தமிழ்க் காது தானாகவே முடிவு செய்கிறது. காதுக்கு மிகவும் பழகிய வடிவம் வி-டூ. அதுவே எல்லா இடத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

செயப்பாட்டு வினையில் இந்த ஒப்புமை அப்படியே பொருந்தாது. 'எழுதப்பட்டது' என்பதில் இருப்பது 'எழுத' என்ற எச்சம். அதில் இறந்தகாலக் குறி கிடையாது. ஆனால் அதுவும் எச்சம்தான், முற்று அல்ல என்ற அளவில் 'வாஸ் ரோட்' தவறு, 'வாஸ் ரிட்டன்' சரி என்பதை உணர்த்த அது போதும்.

ஒரு மொழியை இன்னொன்றின் வழியே கற்பதில் புதுமை ஏதும் இல்லை. தமிழ் கற்ற ஐரோப்பியர்கள் அப்படித்தான் கற்றார்கள். திருச்சி வட்டாரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கான இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். ஜெர்மானியரான கிரால் 1855-இல் தமிழ் வினைகளை வகைபிரித்தார். 1891-இல் ஆர்டன் மெல்வினை, வல்வினை போன்ற பிரிவுகளில் அவற்றை அடுக்கினார். நட, நடந்தான்; பார், பார்த்தான்; காண், கண்டான் என்று இறந்தகாலம் பலவாறாகப் பிரிவது அவர்களை மலைக்க வைத்தது; தங்களுக்குப் பழகிய இலக்கணத்தைத் துணைக்கொண்டே அதைக் கடந்தார்கள். நாம் மட்டும் அந்தத் துணையைக் கைவிட்டோம். 1959-இல் மதராஸ் மாநிலத்தில் ஏறத்தாழ 27,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் நோக்கோடு ஒரு பெரும் இயக்கம் தொடங்கியது. வாக்கிய அமைப்புகளை வாய்மொழியாகத் திரும்பத் திரும்பப் பழக்குவதே அதன் வழி. பேச்சுப் பயிற்சிக்கு அது நன்மை செய்தது. ஆனால் இலக்கணக் கலைச்சொல்லையும் தாய்மொழி ஒப்பீட்டையும் அந்த முறை ஒதுக்கியே வைத்தது. பிறகு பெருகிய ஆங்கிலவழிப் பள்ளிகளில் தமிழே வகுப்புக்கு வெளியே நின்றது. தமிழ் வழியாக ஆங்கிலம் கற்பிக்கும் வேலையை 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகை நூல்களும் ரேப்பிடெக்ஸும் எடுத்துக்கொண்டன. அவை இவ்வளவு விற்றதற்கு, பள்ளி விட்ட இடைவெளியே காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு மறுப்புகள் உண்டு. வெறும் மனப்பாடத்திலேயே பழைய மெட்ரிகுலேஷன் தலைமுறை பிழையில்லாத ஆங்கிலம் எழுதியதே என்பார்கள். அன்று அந்தத் தேர்வை எட்டியவர்கள் மிகச் சிலர். அவர்கள் பட்டியலோடு நிற்கவில்லை. பக்கம் பக்கமாகப் படித்தார்கள், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துப் பழகினார்கள். பட்டியலை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டு அதே விளைவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. தமிழில் ஒப்பிட்டால் ஆங்கிலத்தில் சிந்திக்கும் பழக்கம் வராது என்பது இன்னொரு மறுப்பு. ஒப்பீடு எப்படியும் நடக்கிறது; 'ஹேஸ் கேம்' என்ற பிழையே அதற்கு அடையாளம். சொல்லாமல் நடக்கும் தவறான ஒப்பீட்டைவிடச் சொல்லி நடக்கும் சரியான ஒப்பீடு மேல். ஆங்கிலேயரே மாற்றி மாற்றி எழுதியிருக்கும்போது நாம் ஏன் கட்டுப்பட வேண்டும் என்ற கேள்வி இவற்றைவிட வலுவானது. அதில் பாதி எனக்கு உடன்பாடு. புரூவ்டு – புரூவன், லேர்ன்டு – லேர்ன்ட் ஆகியவற்றில் இரு வடிவமும் வழக்கில் உள்ளன. அமெரிக்கர் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கும் 'காட்டன்' என்ற வடிவத்தை பிரிட்டிஷார் கைவிட்டு 'காட்' என்றார்கள். இவற்றில் எதை எழுதினாலும் சிவப்பு மை போடக் கூடாது. 'ஹேஸ் வென்ட்' அப்படிப்பட்டதல்ல. இன்றைய எழுத்து வழக்கு எதுவும் அதை ஏற்காது. வேலை விண்ணப்பத்தில் அது வந்தால் இழப்பு விண்ணப்பித்தவருக்குத்தான்.

சில வடிவங்களில் பொருளே மாறிவிடும். கயிற்றில் துணி தொங்கினால் 'ஹங்'. மனிதரைத் தூக்கிலிட்டால் 'ஹேங்டு'. மிகவும் குழப்புவது 'லை', 'லே' என்னும் இணை. முதலாவது லை, லே, லெய்ன். இரண்டாவது லே, லெய்ட், லெய்ட். முன்னதன் இறந்தகாலமும் பின்னதன் நிகழ்காலமும் ஒரே சொல் என்பதால் ஆங்கிலேயரே தடுமாறுகிறார்கள். தமிழ் மாணவருக்கு இது கடினமாக இருக்க வேண்டியதில்லை. கிடந்தான் தன்வினை, கிடத்தினான் பிறவினை. புத்தகம் மேசையில் கிடந்திருக்கிறது என்றால் 'லெய்ன்'. யாரோ அதைக் கிடத்தியிருக்கிறார் என்றால் 'லெய்ட்'. ஆங்கிலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இணைகளில் மட்டும் எஞ்சியிருக்கும் இந்த வேறுபாடு, நம் மொழியில் திரும்பு–திருப்பு, அடங்கு–அடக்கு என்று நாள்தோறும் புழங்குவது.

கே.கே. நகரிலும் ஸ்ரீரங்கத்திலும் ஆங்கில வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் மூன்று கட்டம் போடும்போது இரண்டாவதன் தலையில் 'முற்று' என்றும் மூன்றாவதன் தலையில் 'எச்சம்' என்றும் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொரு வி-த்ரீயையும் தனியாக ஒப்பிக்க விடாமல், அது எதிர்பார்க்கும் துணைவினையோடு அல்லது பெயரோடு சேர்த்தே சொல்ல வையுங்கள். பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் இருக்கிறார். வினையெச்சப் பாடத்தை அவர் நடத்தும் வாரத்திலேயே இதையும் நடத்துங்கள்.