பல்லாவரம் சந்தையில் 'லாட்' காசு வாங்கப் போறீங்களா? பழசெல்லாம் அரிது இல்ல... முதல்ல இதைப் படிங்க!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம். வெள்ளிக்கிழமை என்றால் பழைய டிரங்க் ரோடு முழுக்க சந்தைதான். செடி, துணி, பழைய மிக்ஸி, செல்போன் பார்ட்ஸ் எல்லாம் தாண்டிப் போனால், தரையில் விரித்த துணியில் பழைய காசுகளும் இருக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி விலை பேசலாம். இல்லையென்றால் கலந்து கிடப்பதை மொத்தமாக வாங்கலாம். இந்தக் கலவையைத்தான் சேகரிப்பாளர்கள் 'லாட்' என்கிறார்கள்.

லாட் எங்கிருந்து வருது?

வீடு காலி செய்யும்போது கிடைத்த டப்பா, காயலான் கடை, பாட்டியின் சுருக்குப் பை, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மிச்சம் வைத்த சில்லறை என்று பல வழிகளில் வரும். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் யாராவது நல்லதைப் பொறுக்கியிருப்பார்கள். அதனால் கணக்கு சிம்பிள். 100 காசு உள்ள லாட்டுக்கு 1,000 ரூபாய் சொன்னால், ஒரு காசு 10 ரூபாய். எல்லாமே சாதாரணக் காசு என்று வைத்துக்கொண்டாலும் அந்த விலை கட்டுப்படியாகுமா? ஆகும் என்றால் வாங்கலாம். 'உள்ளே ஏதாவது அரிதா இருக்கும்' என்ற நம்பிக்கைக்குத் தனியா காசு கொடுக்காதீங்க.

பெரும்பாலும் உள்ளே இருப்பது 1957 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த நயா பைசா, அலுமினியப் பைசாக்கள், 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போன 25 பைசா போன்றவைதான்.

200 வருஷப் பழசு... ஆனா அரிது இல்ல!

கறுத்துப்போன செப்புக் காசு, ஒரு பக்கம் சிங்கங்களோடு கிழக்கிந்திய கம்பெனி சின்னம், 1808 என்று ஆண்டு, மறுபக்கம் பாரசீக எழுத்து. பார்த்ததும் நெஞ்சு படபடக்கும். இது மெட்ராஸ் மாகாணத்துக்காக இங்கிலாந்தின் சோஹோ நாணயச் சாலையில் அடித்த 10 காசு, 20 காசு. (ஆங்கிலத்தில் இந்தக் காசுக்கு வைத்த 'கேஷ்' என்ற பெயரே நம்ம 'காசு'தான்.) இவற்றை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரை தாண்டும் முன்பே குட்வின் மணல் திட்டில் மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அதிலிருந்து லட்சக்கணக்கில் காசுகளை எடுத்தார்கள். அழகான கதை, வைத்துக்கொள்ள நல்ல காசு. ஆனால் இத்தனை இருக்கும்போது வயசுக்கு ஏற்ற விலை எப்படி வரும்?

இதற்கு நேர் எதிர் 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். வயசு குறைவு, ஆனால் உண்மையிலேயே அரிது. அதனாலேயே போலியும் அதிகம். சாதாரண லாட்டில் அது கிடந்தால் சந்தோஷத்தைவிட சந்தேகம்தான் முதலில் வரணும்.

காந்தமும் சின்ன தராசும் போதும்

பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம். 1939 வரை அதில் வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. எடை ஒன்றுதான், மன்னர் ஆறாம் ஜார்ஜ் முகமும் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் சுமார் 10.7 கிராம் வெள்ளி, இரண்டாவதில் 5.83 கிராம். வெள்ளி விலை ஏறும்போது இந்த இரண்டையும் கலந்து ஒரே ரேட் சொல்வார்கள். வருஷத்தைப் பார்த்துப் பிரிச்சு விலை பேசுங்க.

விக்டோரியா ரூபாய் காந்தத்தில் ஒட்டினால் அது போலி. 1947 ரூபாய் ஒட்டினால் பயப்பட வேண்டாம், அது நிக்கல்.

'ராமர் காசு' கதை

ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன், மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி', 1616, 1717 அல்லது 1818. இப்படி ஒரு காசை கம்பெனி வெளியிட்டதே இல்லை. பூஜைக்கும் விற்பனைக்கும் பின்னாளில் செய்த டோக்கன்கள் இவை. மெட்ராஸில் சாமி உருவத்தோடு கம்பெனி பகோடா அடித்தது உண்மைதான். ஆனால் அது குட்டித் தங்கக் காசு. 'அரிசியை இழுக்கும் சக்தி' என்று யாராவது ஆரம்பித்தால் அது ரைஸ் புல்லிங் மோசடி, அங்கேயே நிற்காதீங்க.

2012-இல் வந்த வைஷ்ணவ தேவி 5, 10 ரூபாய் காசுக்கு லட்சங்கள் என்பதும் சும்மா. 'ரிசர்வ் வங்கி மூலம் விற்றுத் தருகிறோம், கமிஷன் கட்டுங்க' என்று போன் வந்தால் நம்ப வேண்டாம். பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தங்களுக்குச் சம்பந்தமே இல்லை, கட்டணம் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட் 4-இல் எச்சரித்திருக்கிறது.

டோக்கனைத் தள்ளிவிடாதீங்க

கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்டு, எஸ்டேட் பெயர் பொறித்த வில்லைகளைப் பலர் குப்பை என்று ஒதுக்குவார்கள். லாட்டில் சுவாரஸ்யம் அங்கேதான். 19-ஆம் நூற்றாண்டில் கொழும்பு காப்பி ஆலைகளில் தொழிலாளர்களுக்குக் கொடுத்த டோக்கன்களை இன்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். ஊர் பெயரோ கம்பெனி பெயரோ இருந்தால் எடுத்து வையுங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

100 வருஷம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டு சட்டப்படி தொல்பொருள். மீனம்பாக்கம் ஏர்போர்ட் பக்கத்தில்தான் என்றாலும், சிங்கப்பூர் மாமாவுக்குப் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது. 'நிலத்துல தோண்டுனப்ப கிடைச்சது' என்று விற்பவர் சொன்னால் ஒதுங்கிடுங்க. மண்ணுக்கடியில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

வீட்டுக்கு வந்ததும் புளி, எலுமிச்சை, பிராசோ எதுவும் வேண்டாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்கு சேகரிப்பாளர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள். அடையாளம் தெரியாத காசை ஒப்பிட்டுப் பார்க்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை அங்கே லீவு. சந்தை முடிந்த கையோடு கிளம்பாமல் சனிக்கிழமை போங்க.