பாட்டனும் பூட்டனும்

2023 செப்ரெம்பரில் ரொம்மனில் நகரசபைத் தேர்தலுக்கு வாக்களித்தேன். நோர்வேப் பிரஜாவுரிமை எனக்கு இன்னும் இல்லை. மூன்று வருடம் தொடர்ந்து வசித்த வெளிநாட்டவருக்கும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குண்டு என்பது இங்கே 1983இலிருந்து உள்ள ஏற்பாடு (எங்களை எரித்த அதே வருடம்). மேசையிலிருந்த பெண் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், விட்டுவிட்டார்.

அன்றிரவு உணவகத்தில் கோப்பை கழுவும்போது இதைச் சொன்னேன். கூட வேலை செய்யும் மலையகத்து அண்ணை சிரித்தார். "எங்க தாத்தாகிட்ட அவரோட தாத்தாவக் கேட்டாங்க தம்பி" என்றார்.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன் நான், முடிக்கவில்லை. 1931இலேயே சர்வசன வாக்குரிமை பெற்ற நாடு என்ற பெருமையை அங்கே நன்றாகப் படித்தோம். அடுத்த பக்கத்தை வேகமாகத் தாண்டினோம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம் முடியுமுன் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும். லயத்தில் பிறந்தவன் பூட்டனின் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவான்? 1949இல் இன்னொரு சட்டம் பிரஜை அல்லாதவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. அந்த ஏழில் ஒன்றும் மிஞ்சவில்லை.

சட்டத்தில் இனத்தின் பெயர் இல்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான் செய்தார்கள். நிறத்தின் பேரில் வாக்கை மறுக்கக்கூடாது என்று 1870இல் அரசியலமைப்பைத் திருத்திய பிறகு, லூயிசியானா 1898இல் பாட்டனைப் பிடித்தது: 1867க்கு முன் தகப்பனோ பாட்டனோ வாக்காளராக இருந்திருந்தால் எழுத்தறிவுச் சோதனையும் சொத்து நிபந்தனையும் இல்லை. அடிமையின் பேரனுக்கு அப்படியொரு பாட்டன் ஏது? இத்தகைய விதி செல்லாதென்று உச்ச நீதிமன்றம் 1915இல் சொல்லியும், வேறு தடைகளை உடைக்க 1965 வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதன் முக்கிய பிரிவொன்றை அதே நீதிமன்றம் 2013இல் முடக்கிவிட்டது.

சிங்களத் தலைமையை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்தவர். அமைச்சரான பின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான பிரஜாவுரிமைச் சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடக்கியதற்கு இந்த விவகாரமும் காரணம். ஆனாலும் எங்கள் துயரக் கணக்கை நாங்கள் 1956இலிருந்துதான் எழுதுகிறோம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 975,000 பேரை அவர்களைக் கேட்காமலே பங்குபோட்டபோது வடக்கில் எத்தனை வீடுகளில் சோறு இறங்காமல் போனது?

எங்கள் வீட்டிலும் மலையகத்துப் பிள்ளை ஒன்று பாத்திரம் கழுவியது. அவளின் முழுப்பெயரை நான் கேட்டதேயில்லை. "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை ஒஸ்லோவிலும் கேட்டிருக்கிறேன், தமிழர் வாயால்.

நாடற்றவர் பிரச்சினை 1988, 2003 சட்டங்களோடுதான் தீர்ந்தது. அண்ணை கைதுடைத்தபடி கணக்குச் சொன்னார்: "தாத்தா நாப்பத்தேழுல போட்டாரு. அப்புறம் எங்க வீட்டுல ஓட்டுப் போட்டது எங்கப்பா, எம்பத்தொம்பதுல."