கலண்டரும் சைக்கிளும்

அனுராதபுரத்துக் குளங்களையும் பொலன்னறுவை மன்னர்களையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சொல்லித் தந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து சாதாரணதரம் வரை வரலாறு கட்டாய பாடம்; புத்தகம் நாடு முழுவதற்கும் ஒன்று. யாழ்ப்பாண இராச்சியத்துக்கு அதில் கிடைப்பது கொஞ்ச இடம். ஆரம்ப வகுப்புச் சுற்றாடல் பாடத்தில் ஆறும் மலையும் காடும் வரும். குடாநாட்டிலோ மலை இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. நாட்டுக்குப் பொதுவான புத்தகம் எந்த ஊரையும் இப்படித்தான் கடந்துபோகும். ஆகவே சொந்த ஊரைச் சொல்லித் தரும் வேலை வீட்டின் தலையில் விழுகிறது.

அந்த வேலையை யாழ்ப்பாணத்து வீடு இரண்டு வழியால் செய்து வந்திருக்கிறது. ஒன்று, சுவரில் தொங்கும் கலண்டர். இன்ன நாளுக்கு இன்ன சாப்பாடு, இன்ன கோயில், இன்ன விளையாட்டு. மற்றது சைக்கிள். பிள்ளையை முன் பாரில் இருத்தி ஓரிடத்துக்குக் கொண்டுபோய் இதுதான் அது என்று காட்டுவது. முதல் வழி இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. இரண்டாவது நெடுங்காலம் அறுந்து கிடந்து இப்போதுதான் மெல்லத் துளிர்க்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு பிள்ளைகளின் அறிவில் அப்படியே தெரிகிறது என்பது என் எண்ணம்.

கலண்டரின் வலிமையைப் பனையை வைத்தே பார்த்துவிடலாம். பங்குனி, சித்திரையில் நுங்கு. அதே காலத்தில் கருப்பநீர் இறக்கிக் காய்ச்சிய பனங்கட்டி குட்டான்களில் சந்தைக்கு வரும். ஆடி, ஆவணியில் சோழகம் வீச, இரவில் பனம்பழம் தொப்பென்று விழும் சத்தத்துக்குப் பிள்ளை விழித்துக்கொள்ளும். பழத்தைப் பிசைந்து, பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு. எஞ்சிய கொட்டைகள் மாரிக்கு முன் பாத்திக்குப் போகும். மார்கழி, தையில் கிழங்கு கிண்டும் நாளன்று வளவுக்குள் பள்ளிக்கூடமே வந்துவிட்ட மாதிரி இருக்கும்: முளை எங்கிருந்து வருகிறது, வேர் ஏன் கீழே போகிறது, கொட்டைக்குள் இருந்த பூரான் என்ன ஆனது எல்லாம் கையில் எடுத்துப் பார்க்கக் கிடைக்கும். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். ஒடியல்மாவை ஊறவைத்துக் கயர்ப்பை நீக்கிய பிறகே கூழுக்கு எடுக்க வேண்டும் என்ற கவனமும் அதோடு சேர்ந்து வரும். பாடம் நடக்கிறது என்று அங்கே யாருக்கும் நினைப்பில்லை. அம்மம்மா வேலை செய்கிறா, பிள்ளை பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆடிப்பிறப்பை எடுங்கள். ஆடி முதல் நாள் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் எழுதிய சிறுவர் பாட்டு அந்த நாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் 1953இல் மறைந்தார். இன்றும் ஜூலை நடுப்பகுதியில் அந்தப் பாட்டு பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் கேட்காமல் இராது. ஒரு விருந்தைப் பாட்டாக்கி, அந்தப் பாட்டால் விருந்தையே காப்பாற்றிய புலவர்கள் தமிழில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆடி அமாவாசைக்கு வேலியில் படரும் காத்தோட்டிக் கொடியைத் தேடிப் போக வேண்டும். அந்தக் காய் இல்லாமல் விரதச் சமையல் நிறைவதில்லை. வேறு எந்த நாளிலும் யாரும் கவனிக்காத முட்செடி அன்றைக்குப் பெயரும் முகமும் பெறும். தையில் வாடைக்காற்றோடு பட்டம். கொக்கு, பிராந்து, எட்டுமூலை, படலம் என்று வகை பிரித்து, விண் பூட்டி இரவு முழுக்கக் கூவவிடுவார்கள். காற்றின் திசையும் வேகமும் தெரியாதவனால் பட்டம் ஏற்ற முடியாது. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று நடக்கும் போட்டியைப் பார்த்த பிள்ளைக்கு வடகீழ்ப் பருவக்காற்றை வேறாக விளக்க வேண்டியதில்லை.

பஞ்சாங்கம் இரண்டு இருப்பதால் வருடப்பிறப்பு எந்த நேரம், மருத்துநீர் எப்போது வைப்பது என்று வீட்டில் வாதம் வரும். இரகுநாதையரின் வாக்கியமா திருக்கணிதமா என்ற அந்தச் சண்டைகூட நல்ல பாடம்தான். காலத்தைக் கணிப்பது மனிதர் வேலை, கணக்கு வேறுபடலாம் என்று பிள்ளை தெரிந்துகொள்கிறது.

கலண்டருக்கு இன்னொரு சிறப்பு: அதைச் சுருட்டிக்கொண்டு போகலாம். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது வீட்டையும் கிணற்றையும் பனந்தோப்பையும் விட்டுவிட்டுத்தான் போனது. ஆனால் அடுத்த தை எங்கே பிறந்ததோ அங்கே பொங்கல் பொங்கியது. தென்மராட்சியில், வன்னியில், பிறகு ரொறன்ரோவில், லண்டனில், சூரிச்சில். கனடாவில் பனிக்கு நடுவே அடுப்பின் மேல் பொங்கிப் பொங்கி இப்போது ஒன்ராறியோ மாகாணத்தில் தை மாதத்தையொட்டிய ஜனவரி சட்டப்படி தமிழ் மரபுத் திங்கள். 2014இல் வந்தது அந்தச் சட்டம். அப்படி வளரும் பிள்ளைக்கு ஆடிக்கூழின் சுவை தெரியும். சோழகம் தெரியாது, பனம்பழம் விழும் சத்தம் தெரியாது. நாள் போய்ச் சேர்ந்தது, நிலம் கூடவே போகவில்லை.

புலம்பெயர்ந்த வீட்டில் மட்டுமே இந்தக் குறை என்று நினைத்தால் தவறு. கலண்டர் எங்கே இருந்தாலும் சில விஷயங்களைச் சொல்லாது. நல்லூர் அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. கடைசி மன்னன் சங்கிலியன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் பழைய நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கிறது. 25 நாளும் போய்க் கச்சான் கொறித்துத் தேர் பார்த்த பிள்ளையிடம், கோயில் ஏன் பழைய இடத்தில் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். திருவிழா அதைச் சொல்லித் தருவதில்லை. திருவிழாவின் வேலையும் அதுவல்ல.

ஒக்ரோபர் 30 என்ற தாளையே இன்னொரு தடவை பார்க்கலாம். 1995க்குச் சரியாக ஐந்து ஆண்டு முன்பு, 1990இல் அதே ஒக்ரோபர் 30இல்தான் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அவர்கள் வாழ்ந்த சோனகதெரு வெறிச்சோடியது. ஒரே தாள், இரண்டு வெளியேற்றம். எந்த வீட்டுக் கலண்டரிலும் அந்த நாளுக்கு ஒரு குறியும் இல்லை. வீட்டுக் கலண்டர் அவரவர் வீட்டுக்குரியது. சைவ வீட்டுக் கலண்டரில் பாசையூர் அந்தோனியார் திருநாள் வராது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், சாதியால் தடுக்கப்பட்டு, உள்ளே விடக் கேட்டு நின்ற மனிதர்களும் வர மாட்டார்கள். கூழ் இனிப்பானது, அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே முற்றம் என்ற எண்ணம் வருவதில் வியப்பில்லை.

சைக்கிள் இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. தெருவால் போகும்போது கோயிலை மட்டும் பார்த்துவிட்டு மாதா கோயிலையும் பள்ளிவாசலையும் கண்ணுக்குத் தெரியாமல் செய்ய முடியாது. குடாநாடு தட்டை, நல்லூரிலிருந்து எந்தத் திசையில் மிதித்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் கேள்வி கேட்க வைக்கும் ஓரிடம் வந்துவிடும்.

கோட்டைக்குப் போகலாம். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோண வடிவில் திரும்பக் கட்டினார்கள். உள்ளே 1706இல் எழுந்த அவர்களுடைய தேவாலயம் இருந்தது. போரில் அழிந்து இப்போது இடிகல் குவியல். மதிலைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் முருகைப் பூக்கள் தெரியும். கடலுக்குள் உயிரோடு இருந்தது எப்படி மதிலானது என்று பிள்ளை கேட்கும். அந்த ஒரு கேள்வியில் இயற்கையும் வரலாறும் ஒன்றாக வந்துவிடுகின்றன. கலண்டரில் இப்படி ஒரு தருணம் கிடைப்பது அரிது. கோட்டையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் நூலகம். 1981 மே 31 இரவு தொடங்கி ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த கட்டடம். வெள்ளை பூசித் திரும்பக் கட்டப்பட்டதில் இன்றைக்குச் சிறுவர் பகுதி இருக்கிறது.

நிலாவரைக்குப் போனால் வேறு விதம். இராமன் அம்பெய்து உண்டாக்கிய அடியில்லாக் கிணறு என்ற கதையோடுதான் எல்லோரும் போகிறோம். கதையைச் சொல்லுங்கள், அதோடு நிறுத்த வேண்டாம். குடாநாடு சுண்ணக்கல்லால் ஆனது; கார்த்திகை மழை அந்தக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் எடை குறைவு, அதனால் மேலே. இதனால்தான் நிலாவரையில் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர். நம் வீட்டுக் கிணறும் இதே வகைதான். அளவுக்கு மிஞ்சி மோட்டர் போட்டு இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே வரும். தோட்ட உரமும் மலசலகூடக் குழியும் இறங்குவதும் அதே வெடிப்புகளால்தான். பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். விளங்கிய பிறகு கிணற்றடியில் அது தண்ணீர் அள்ளும் விதம் மாறுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

பிறகு ஏன் பெற்றோர் போவதில்லை? ரியூசன் ஒரு காரணம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை சனி, ஞாயிறு என்று எதுவும் பிள்ளைக்கு இல்லை. ஆனால் இதைவிடப் பெரிய காரணம் பெற்றோருக்கே ஊர் காட்டப்படவில்லை என்பது. 1980களின் தொடக்கத்தில் பிறந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய எட்டு, ஒன்பது வயதில், 1990இல், வலிகாமம் வடக்கில் சனம் இடம்பெயர்ந்தது. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை உயர்பாதுகாப்பு வலயமாயின. யாழ்தேவி ரயில் நின்றது. கோட்டை போர்க்களம், பிறகு முகாம். கீரிமலை நினைத்தவுடன் போகிற இடமாக இருக்கவில்லை. 2014இல் ரயில் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அவர் முப்பதைத் தாண்டி, பிள்ளை குட்டிக்காரர் ஆகிவிட்டார். மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017இல். தகப்பன் காட்டாத இடத்தை அவர் எப்படிக் காட்டுவார்? கலண்டரை எந்த முள்வேலியும் மறித்ததில்லை, சைக்கிளை மறித்தது. இது சோம்பல் என்று பேசும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சைக்கிள் வழிக்கும் குறைகள் உண்டு. முன் பாரில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். கூழ் கிண்டும்போது பக்கத்தில் இருந்தவர்கள் பெண்பிள்ளைகள். ஊரின் நாளை மகளுக்கும் ஊரின் தெருவை மகனுக்கும் பிரித்துக் கொடுத்த வீடுகள்தான் நம்முடையவை. இன்னொரு குறை, இடம் தானாகப் பேசாது. கூழைக் குடித்தால் போதும், விளக்கம் வேண்டாம். கந்தரோடைக்குப் போனால் விளக்கம் இல்லாமல் முடியாது.

கந்தரோடைதான் எனக்குக் கடினமான சோதனையாகத் தெரிகிறது. பனைகளுக்கு நடுவே வெட்டவெளியில் சுண்ணக்கல்லால் ஆன சின்னச் சின்னத் தாதுகோபங்கள். 1917 முதல் போல் பீரிஸ் அங்கே ஆராய்ந்தார்; 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் தோண்டியபோது அதைவிடப் பழைய கறுப்பு-சிவப்பு மட்கலங்களோடு ஒரு குடியிருப்பின் தடயம் கிடைத்தது. கிட்டத்தான் ஆனைக்கோட்டை, 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பிராமி எழுத்துள்ள முத்திரை கண்டெடுத்த ஊர். தாதுகோபத்தைக் கண்ட பிள்ளை, இங்கே சிங்களவர் இருந்தார்களா என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பல வீடுகள் அந்தத் தெருவால் திரும்புவதில்லை. பௌத்தம் என்றால் சிங்களம் என்ற கணக்கு நமக்கும் பழகிவிட்டது. காஞ்சியிலும் நாகபட்டினத்திலும் தமிழர் பௌத்தராக இருந்தார்கள், மணிமேகலை தமிழ்க் காப்பியம், அதில் வரும் மணிபல்லவம் நம் நயினாதீவு என்று கருதுவோரும் உண்டு என்று சொல்லலாம். அதைவிட நல்லது, குறிகட்டுவானில் வள்ளம் ஏறி, நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே தீவில் நிற்பதைக் காட்டுவது. முடிந்த விடை ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் பெற்றோருக்கு இல்லை. ஆய்வாளரே விவாதிக்கும் ஒன்றை வீட்டில் தீர்த்து வைக்க முடியாது. யார் எதைத் தோண்டினார், என்ன கிடைத்தது என்று சொன்னாலே பிள்ளைக்குப் போதும். யாழ்ப்பாண வைபவமாலை முதல் பழைய நூல்கள் பலவும் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடப்பதால், தெரியாது என்று தப்பிக்கவும் இனி இடமில்லை.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், சின்ன வயதுக்குக் கலண்டர் என்பேன். அது ஆண்டுதோறும் திரும்பி வரும். பத்து ஆடிப்பிறப்பு பார்த்த பிள்ளை மறக்காது. ஏழெட்டு வயதுக்குப் பிறகு சைக்கிள் இல்லாவிட்டால் கலண்டர் வெறும் சாப்பாட்டு அட்டவணை ஆகிவிடும். இரண்டும் சந்திக்கும் நாள்களும் உண்டு. ஆடி அமாவாசைக்குக் கீரிமலை, பங்குனித் திங்களுக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன். அன்றைக்கு நெரிசலில் பிள்ளையின் கையைப் பிடிப்பதே பெரிய வேலை. கீரிமலைக் கேணிக்குள் நன்னீர் ஊறுவதையும், மதிலுக்கு அப்பால் உப்புக்கடல் அடிப்பதையும் நிதானமாகக் காட்ட வேண்டுமானால் பெயரில்லாத ஒரு செவ்வாய்க்கிழமைதான் வசதி.

வழுக்கையாற்றுக்கு அப்படி ஒரு விரதநாளும் இல்லை. ஆறு என்று நாம் சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான். தெல்லிப்பழைப் பக்கத்து மழைநீரைச் சேர்த்து, வயல்களால் நடந்து, அராலியில் கடலில் விழுகிறது. நீளம் சுமார் 16 கிலோமீற்றர். கரையோடு போனால் சைக்கிளில் ஒரு காலைப்பொழுது. கார்த்திகையில் பெருமழை விட்ட மறுநாள் புறப்படுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. மாசியில் போனால் பார்க்கக் கிடைப்பது காய்ந்த வாய்க்கால்தான்.