மைனஸ் நாற்பது

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு வெப்பநிலை என்றாலே வகுப்பில் வாத்தியார் சொன்ன ஒரு கதைதான் நினைவுக்கு வரும். 1742இல் ஸ்வீடனின் செல்சியஸ் தம் அளவுகோலைத் தலைகீழாக வைத்திருந்தார். நீர் கொதிப்பது 0, உறைவது 100. அதை நேராக்கிய வெப்பமானியை மறு ஆண்டே லியோன் நகரத்து கிறிஸ்தேன் செய்தார். பிரெஞ்சுக்காரர் என்பதால் வாத்தியாருக்குத் தனிப் பெருமை.

மகன் வேலை நிமித்தம் இப்போது ஒரகடம் பக்கம் குடியிருக்கிறோம். 1996இல் தொடங்கிய ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை போட்டு 1998இல் சான்ட்ரோ காரை விட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. நான் 'ரெனோ' என்கிறேன், இங்கே எல்லாரும் 'ரெனால்ட்' என்கிறார்கள். பேரன் என்னைத் திருத்துகிறான்! ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஏரியும் வயலுமாக இருந்த இடங்களில் இன்று லாரி வரிசை.

இத்தனை கார் பிறக்கும் ஊரில், போன மே மாதம் எங்கள் காரின் ஏ.சி. அனல் காற்று வீசியது. என் மனைவிக்கு வாரம் இருமுறை காஞ்சிபுரத்தில் டயாலிசிஸ். முடித்துத் திரும்பும்போது ரத்த அழுத்தம் இறங்கி, கண் சொருகி வருவாள். அந்த நிலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு வெயிலில் ஒரு மணி நேரம்! பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினோம். ஏ.சி. பேனலையே மாற்ற வேண்டும், 22,000 ரூபாய் என்றார்கள். பென்ஷன்காரன் வயிற்றில் புளி கரைத்தது.

வாலாஜாபாத் சாலையோரம் ஷெட் வைத்திருக்கும் ஒரு பையனிடம் போனேன். ஐ.டி.ஐ. படித்து, ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து, ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவன். கையடக்க ஸ்கேனரை மாட்டிப் பார்த்துச் சிரித்தான். "சார், உங்க காருக்குள்ள மைனஸ் 40ன்னு காட்டுது. குளிருதேன்னு அது ஹீட்டரைப் போடுது!"

டேஷ்போர்டில் சிறு சல்லடைக்குப் பின்னால் ஒரு சென்சார் இருக்கிறது. மிளகளவு தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். செல்சியஸின் முதல் அளவுகோல் போல இதுவும் தலைகீழ்தான். வெள்ளி சல்ஃபைடில் இந்தக் குணத்தை ஃபாரடே 1833லேயே கண்டார். பேனல் 5 வோல்ட் அனுப்பி, திரும்பும் அளவைப் பார்த்துச் சூட்டைக் கணக்கிடும். கம்பி அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். பேனல் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும்.

பையன் அவசரப்படவில்லை. சென்சாரைக் கழற்றி மீட்டரில் வைத்து, உள்ளங்கையில் பொத்தினான், தடை இறங்கியது. சென்சார் நல்லது. கழற்றிய பிளக்கில் ஒரு கம்பிக்கும் கார் பாடிக்கும் இடையே 5 வோல்ட் இருந்தது. அதே கம்பிக்கும் பக்கத்துக் கம்பிக்கும் இடையே ஒன்றுமில்லை. அந்த 5 வோல்ட் கம்பியை ஒரு துண்டு ஒயரால் பாடியோடு தொட்டான். ஸ்கேனர் மைனஸிலிருந்து எதிர்க்கோடிக்குத் தாவியது. "பேனலும் நல்லா இருக்கு சார். எர்த் ஒயர்தான் எங்கேயோ கட்." எனக்கு அலுவலகக் கோப்பு ஞாபகம் வந்தது. எந்த மேஜையில் நிற்கிறது என்று பார்க்காமல் கோப்பையே புதிதாகப் போடச் சொல்பவர்களும் உண்டு.

க்ளவ் பாக்ஸைக் கழற்றினான். முன்பு ஒரு கடையில் மியூசிக் சிஸ்டம் மாட்டியபோது திருகிய ஸ்க்ரூ, அந்த ஒயரை நசுக்கி அறுத்திருந்தது. பற்றவைத்து டேப் சுற்றினான். கேட்டது 350 ரூபாய். 500 கொடுத்தேன், மீதியைத் திருப்பிக் கொடுக்கவே வந்தான்.

1940ஆம் ஆண்டு மாடல் பேக்கார்டில்தான் ஆலையிலேயே பொருத்திய ஏ.சி. முதலில் வந்தது. அதில் குளிர் போதுமென்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் வகை 1964இல் காடிலாக்கில் வந்தது.

அடுத்த டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது வாலாஜாபாத் தாண்டியதும் என் மனைவி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க, குளிருது" என்றாள்.