தன்னைத்தானே ஆளும் கணனி

2001ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம், தம்மைத்தாமே பராமரிக்கும் கணனித் தொகுதிகளை ஆக்குதல் வேண்டுமென அறைகூவிற்று. நாம் அறியாமலே இதயத்துடிப்பைச் சீராக்கும் தன்னாட்சி நரம்புத்தொகுதியை அதற்கு முன்மாதிரியாகக் காட்டிற்று. எனினும் இச்சிந்தனை புதியதன்று. பிரித்தானிய உளமருத்துவர் றொஸ் ஆஷ்பி 1948இல் இயக்கிய ‘ஹோமியோஸ்ரற்’ நான்கு அலகுகள் கொண்டது. (விமானப்படையின் பழைய குண்டுவீச்சுக் கட்டுப்பாட்டுக் கருவிகளே அவ்வலகுகளாயினமை வியப்பே!) ஒவ்வோர் அலகும் ஏனையவற்றைத் தாக்கும், சமநிலை குலையின், உறுதிநிலை கிட்டும்வரை தன் இணைப்புகளை எழுமாறாக மாற்றிக்கொண்டிருக்கும். அலகுகளைத் தனித்தனியே ஆராய்வார்க்கு இவ்வுறுதியின் காரணம் புலப்படாது. அது தொகுதி முழுமைக்கே உரியது. 1956இல் ஆஷ்பி எடுத்துரைத்த விதி இன்னும் கடுமையானது: குழப்பங்கள் எத்துணைப் பலவகையினவோ, அவற்றை அடக்கும் ஒழுங்காக்கியும் அத்துணைப் பல்வகைமை உடையதாதல் வேண்டும். நரம்புத்தொகுதியின் பெயரை இரவல் பெறுதல் எளிது. இவ்விதியை நிறைவேற்றுதலோ அரிது. சிக்கலைக் குறைக்கவெனச் சேர்க்கப்படும் மேற்பார்வை மென்பொருளும் அத்தொகுதியின் மற்றோர் உறுப்பாகித் தானும் பராமரிப்பை வேண்டி நிற்கின்றது.